நிறம், இனம் பற்றி நேர்மையாகப் பேசுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

ஓர் அறையில் மூன்று நாற்காலிகள். வெள்ளை இன மாணவர் ஒருவரிடம், "இரண்டு பேர் வருவார்கள், மூவரும் உட்கார்ந்து பேச வேண்டும், நாற்காலிகளைப் போட்டு வையுங்கள்" என்று சொல்கிறார்கள். வரப்போகிறவர்கள் கறுப்பினத்தவர் என்பது அவருக்குத் தெரியும். பேச்சு காதல், உறவு பற்றியது என்று சொன்னால் நாற்காலிகள் அருகருகே விழுந்தன. காவல்துறை நிறம் பார்த்துச் சந்தேகப்படுவது பற்றியது என்று சொன்னால் தள்ளித் தள்ளி விழுந்தன. ஃபிலிப் கோஃப், கிளாட் ஸ்டீல், பால் டேவிஸ் ஆகிய மூன்று உளவியலாளர்கள் 2008-இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு இது. தள்ளிப் போட்டவர்களிடம் வெறுப்பு அதிகம் என்று அந்த ஆய்வு காட்டவில்லை. 'என்னை இனவெறி பிடித்தவன் என்று நினைத்துவிடுவார்களோ' என்ற பயம் யாரிடம் அதிகமோ, அவர்களே அதிகம் விலகினார்கள்.

இந்தப் பேச்சு ஏன் இவ்வளவு சிக்கலாகிறது என்பதற்கான விடை பெரும்பாலும் இதற்குள்ளேயே இருக்கிறது. ஒருவர் தனக்கு நடந்ததைச் சொல்கிறார். எதிரில் இருப்பவரின் காதில் அது 'நீ நல்லவனா, கெட்டவனா' என்ற விசாரணையாக விழுகிறது. அடுத்த நொடியே அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஆரம்பிக்கிறார். நடந்த விஷயம் அப்படியே ஓரத்தில் கிடக்கிறது. கீழே சொல்லப்போகிற ஒவ்வொரு படிக்கும் ஒரே நோக்கம்தான்: பேச்சை நடந்த விஷயத்தின் மேலேயே நிறுத்தி வைப்பது.

பேசாமலே இருந்துவிட்டால் என்ன என்று பலருக்குத் தோன்றும். நிறத்தைக் கவனிக்காதது போல இருப்பதே மரியாதை என்றும் பலர் நினைக்கிறார்கள். 2006-இல் வெளியான ஓர் ஆய்வில் இதைச் சோதித்தார்கள். பல முகப் படங்களில் எதிரில் இருப்பவர் மனதில் வைத்திருக்கும் முகம் எது என்று, கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்கும் விளையாட்டு அது. "கறுப்பினத்தவரா?" என்று ஒரு கேள்வி கேட்டால் பாதிப் படங்கள் கழிந்துவிடும். ஆனால் எதிரில் கறுப்பினத்தவர் உட்கார்ந்திருந்தால், வெள்ளை இனத்தவர் பலர் அந்தக் கேள்வியை வாயிலேயே எடுக்கவில்லை. இதனால் விளையாட்டில் பின்தங்கியதோடு, பார்ப்பவர் கண்ணுக்கு அவர்கள் நட்பு குறைந்தவர்களாகவும் தெரிந்தார்கள். 2008-இல் இதே விளையாட்டைக் குழந்தைகளிடம் வைத்தபோது, 8, 9 வயதுப் பிள்ளைகள் 10, 11 வயதுப் பிள்ளைகளைவிடச் சிறப்பாகச் செய்தார்கள். நிறத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்பதைப் பெரிய பிள்ளைகள் அதற்குள் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

படி 1: இந்தப் பேச்சு வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பாதிக்கப்பட்டவர் நீங்கள் என்றால், யாருக்கும் பாடம் நடத்தும் கடமை உங்களுக்கு இல்லை. ஒருவர் புரியாமல் பேசிவிட்டார் என்பதற்காக அவரை உட்காரவைத்து விளக்கும் வேலை உங்கள் தலையில் விழ வேண்டியதில்லை. அந்த மனிதர் உங்களுக்கு எவ்வளவு முக்கியம், பேசிய பிறகும் அவரோடு தினமும் பழக வேண்டியிருக்குமா, உங்கள் வேலையோ மதிப்பெண்ணோ வாடகை வீடோ அவர் கையில் இருக்கிறதா என்றெல்லாம் யோசியுங்கள். கடைசிக் கேள்விக்கு ஆம் என்பது பதிலானால் தனியாகப் போய்ப் பேசாதீர்கள். நம்பகமான ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது எழுத்தில் தொடங்குங்கள்.

நீங்கள் பெரும்பான்மைப் பக்கத்தில் இருந்துகொண்டு 'இதைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்' என்று நினைப்பவரானால், உங்கள் அலுவலகத்தில் இருக்கும் ஒரே கறுப்பின ஊழியரிடம் போய் "உங்களுக்கெல்லாம் எப்படி இருக்கும்?" என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் தன் வாழ்க்கையைத்தான் வாழ்ந்திருக்கிறார். ஓர் இனத்துக்கே பிரதிநிதியாக நிற்க அவர் ஒப்புக்கொண்டதில்லை.

படி 2: போவதற்கு முன் கொஞ்சம் தெரிந்துகொண்டு போங்கள்

அறிவியல் பகுதியைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். மனிதர்களுக்கு இடையிலான மரபணு வேறுபாட்டில் சுமார் 85 விழுக்காடு, ஒரே மக்கள் கூட்டத்துக்குள் இருக்கும் வேறுபாடுதான் என்று 1972-இல் மரபியலாளர் ரிச்சர்ட் லெவோன்டின் கணக்கிட்டுக் காட்டினார். இனங்களுக்கு இடையே உயர்வு தாழ்வு உண்டு என்பதற்கு உயிரியலில் ஆதாரம் இல்லை.

இங்கேதான் பலர் ஒரு தவறான குறுக்குவழிக்குப் போகிறார்கள்: "இனம் என்பதே இல்லை, அப்புறம் எதற்கு இந்தப் பேச்சு?" உயிரியலில் இல்லாத ஒன்றைச் சட்டம் உண்டாக்கியது. தென்னாப்பிரிக்காவின் 1950-ஆம் ஆண்டு மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொரு மனிதரையும் ஓர் இனத்தில் பதிவு செய்தது. யார் எந்த இனம் என்று முடிவு செய்ய முடிக்குள் பென்சிலைச் செருகி, அது கீழே விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்த கொடுமையும் நடந்தது. எங்கே குடியிருக்கலாம், எந்தப் பள்ளியில் படிக்கலாம், யாரை மணக்கலாம் என்பதெல்லாம் அந்தப் பதிவைப் பொறுத்திருந்தன. அந்தச் சட்டம் 1991 வரை இருந்தது. அமெரிக்காவில் 1930-களில் அரசு நிறுவனம் ஒன்று நகர வரைபடங்களில் கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு நிறம் பூசி, கடன் கொடுக்க ஆபத்தான இடங்கள் என்று குறித்தது. வீடு விற்பனையிலும் கடனிலும் இனப்பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1968-இல்தான் வந்தது. சாதாரணக் குடும்பத்துக்கு வீடுதான் பெரிய சொத்து. ஒரு தலைமுறைக்கு வீட்டுக் கடன் மறுக்கப்பட்டால் அடுத்த தலைமுறையின் படிப்பு, தொழில், முதுமை எல்லாவற்றிலும் அது தெரியும்.

"அதெல்லாம் பழைய கதை" என்பவர்களுக்குப் பதில் சொல்ல இரண்டு ஆய்வுகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2004-இல் வெளியான ஆய்வில், பாஸ்டன், சிகாகோ நகரங்களில் வந்த வேலை விளம்பரங்களுக்கு ஒரே தரத்தில் தயாரித்த சுமார் 5,000 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். மாற்றியது பெயரை மட்டும்தான். வெள்ளை இனப் பெயர் இருந்த விண்ணப்பங்களுக்குச் சுமார் பத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. கறுப்பினப் பெயர் இருந்தால் அதே ஓர் அழைப்புக்குச் சுமார் பதினைந்து விண்ணப்பங்கள் தேவைப்பட்டன. இரண்டாவது, விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவி பற்றியது. அளவு போதுமானது என்று கருவி காட்டும்போதே உண்மையில் அளவு ஆபத்தாகக் குறைந்திருப்பது, வெள்ளை இன நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அதிகம் நடந்தது என்று 2020-இல் வெளியான மருத்துவ ஆய்வு கண்டது.

இந்த இரண்டாவது உதாரணத்தை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். அந்தக் கருவிக்கு யார் மேலும் வெறுப்பு கிடையாது. அதைப் பயன்படுத்தும் செவிலியரும் நல்ல மனதோடுதான் விரலில் மாட்டுகிறார். ஆனாலும் பாதிப்பு நடக்கிறது, அதுவும் ஒரே பக்கமாக நடக்கிறது. இதை ஏற்றுக்கொள்ள முடிந்தவரால், 'நான் கெட்டவன் இல்லை, ஆனாலும் நான் செய்தது ஒருவரைப் பாதித்திருக்கலாம்' என்பதையும் ஏற்றுக்கொள்ள முடியும். பிரிட்டனில் 1993-இல் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் கொல்லப்பட்ட வழக்கைக் காவல்துறை கையாண்ட விதத்தை ஆராய்ந்து 1999-இல் வந்த மெக்ஃபர்சன் அறிக்கை இதையேதான் சொன்னது. ஒரு நிறுவனத்தின் நடைமுறையிலேயே, யோசிக்காமல் செய்யும் பழக்கத்திலேயே இனவெறி உட்கார்ந்திருக்க முடியும்.

படி 3: இடமும் நேரமும்

நாலு பேர் முன்னால் வேண்டாம். பார்வையாளர்கள் இருந்தால் பயம் இன்னும் கூடும். அவசரமாக வேறு வேலைக்குக் கிளம்பும் நேரமும் வேண்டாம். முக்கால் மணி நேரமாவது ஒதுக்குங்கள். வாட்ஸ்அப்பில் ஆரம்பித்தால் பேசுவதற்கு நேரம் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரவு பதினொரு மணிக்கு மாறி மாறி அனுப்பும் செய்திகளால் யாருக்கும் எதுவும் புரிந்ததில்லை.

படி 4: நடந்ததைச் சொல்லுங்கள், ஆளை எடைபோட வேண்டாம்

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். புதிதாகச் சேர்ந்த கறுப்பின எஞ்சினியர் ஒருவர் காலையில் அலுவலகத்துக்குள் நுழைகிறார். கையில் லேப்டாப் பை, கழுத்தில் அடையாள அட்டை. எதிரே வந்த சக ஊழியர், "டெலிவரியா? ரிசப்ஷன்ல குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு நடக்கிறார். மறுநாள் பேச்சு இப்படி ஆரம்பித்தால்:

"நேத்து நீங்க என்கிட்ட இனவெறியோட நடந்துக்கிட்டீங்க."

"நானா? என்னைப் பத்தி இங்க யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

இத்தோடு முடிந்தது. இனி அரை மணி நேரமும் அவருடைய குணநலன் பற்றித்தான் ஓடும். எஞ்சினியர் சொன்னது உண்மை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவருக்கு வேண்டியது கிடைக்கவில்லை. இதையே இப்படிச் சொல்லலாம்:

"நேத்து காலைல நான் உள்ள வந்தப்போ 'டெலிவரியா, ரிசப்ஷன்ல குடுத்துடுங்க'ன்னு சொன்னீங்க. கழுத்துல ஐடி கார்டு போட்டிருந்தேன். எனக்குப் பின்னாடியே, என்னோட அன்னைக்கே சேர்ந்த இன்னொருத்தர் வந்தாரு. அவருக்கு 'குட் மார்னிங்' சொன்னீங்க. எனக்கு இந்த மாதிரி நடக்கறது முதல் தடவை இல்ல. நேத்து முழுக்க வேலையில மனசு நிக்கல. இனிமே யாரையும் பார்த்த உடனே இவங்க யாருன்னு நீங்களே முடிவு பண்ணாம, கேளுங்க. அதுதான் நான் சொல்ல வந்தது."

நடந்தது என்ன, பக்கத்தில் இருந்தவரை எப்படி நடத்தினார்கள், அது தனக்கு என்ன செய்தது, இனி என்ன வேண்டும் என்று நான்கும் இதில் இருக்கின்றன. இரண்டாவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். "எல்லாருக்கும்தான் அப்படிச் சொல்வேன்" என்ற பதில் வர வாய்ப்புள்ள இடம் அது. ஒப்பிட ஓர் ஆள் கண்ணெதிரே இருந்தால் அந்தப் பதில் நிற்காது. சொன்ன வார்த்தைகளை அப்படியே சொல்லுங்கள். 'எப்பப் பார்த்தாலும்', 'உங்க ஆளுங்களே' போன்றவற்றைத் தவிருங்கள். அவர் மனதில் என்ன நினைத்தார் என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. அது உங்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

"இவ்வளவு சின்ன விஷயத்துக்கா?" என்று கேட்கப்படும். இப்படிப்பட்ட சிறு சிறு இழிவுகளுக்கு 1970-களிலேயே தனிப் பெயர் வைத்து எழுதியவர் செஸ்டர் பியர்ஸ் என்ற கறுப்பின மனநல மருத்துவர். ஒவ்வொன்றாக எடுத்தால் சின்னதுதான். வாழ்நாள் முழுக்க, எச்சரிக்கை இல்லாமல், எங்கிருந்து வரும் என்று தெரியாமல் வந்துகொண்டே இருப்பதுதான் ஒரு மனிதரைத் தேய்க்கிறது. சொல்பவர் ஒரே ஒரு சம்பவத்தைப் பேசினாலும், அவர் உடம்பில் இருப்பது அத்தனை சம்பவங்களின் களைப்பு.

படி 5: சொல்லக் கேட்பவர் நீங்கள் என்றால்

இந்த வழிகாட்டியில் கடினமான படி இதுதான். உங்களிடம் ஒருவர் இதைச் சொன்ன அந்தக் கணத்தில் முகம் சூடாகும், இதயம் வேகமாக அடிக்கும், வாய் தானாகவே திறக்கும். திறக்க விடாதீர்கள். முதலில் வரும் வாக்கியங்கள் உலகம் முழுக்க ஒன்றுபோலவே இருக்கின்றன: "நான் அந்த அர்த்தத்துல சொல்லல." "எனக்கு அவங்கள்ல நிறைய ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க." "நீங்க ரொம்ப சென்சிடிவா இருக்கீங்க." "எனக்கும்தான் வாழ்க்கையில எவ்வளவோ நடந்திருக்கு." இவற்றில் சில உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எல்லாமே பேச்சை அவரிடமிருந்து பிடுங்கி உங்கள் பக்கம் திருப்புகின்றன. அவர் இப்போது தன் வலியைச் சொல்வதை நிறுத்திவிட்டு உங்களைச் சமாதானப்படுத்த வேண்டிய நிலைக்கு வந்துவிடுகிறார்.

கண்ணீரும் அப்படித்தான். அழுகை வந்தால் தவறில்லை. ஆனால் அறையில் இருக்கும் எல்லாரும் உங்களுக்குத் தண்ணீர் கொடுக்க ஓடி வரும்படி ஆகிவிட்டால், நடந்ததைச் சொல்ல வந்தவர் குற்றவாளியாகிப் போகிறார். "ஒரு நிமிஷம்" என்று சொல்லி வெளியே போய்விட்டு வாருங்கள்.

சொல்லக்கூடியவை குறைவு: "புரியுது, மேல சொல்லுங்க." "நான் சொன்னதுல உங்களுக்கு எது ரொம்பக் கஷ்டமா இருந்தது?" எதுவும் தோன்றவில்லை என்றால் அதையே சொல்லலாம்: "எனக்கு உடனே என்ன சொல்றதுன்னு தெரியல. நீங்க சொன்னதை நான் யோசிச்சுப் பார்க்கணும். நாளைக்குக் காலைல நானே வந்து பேசறேன்." இப்படிச் சொன்னால் மறுநாள் காலை போயே ஆக வேண்டும். போகாமல் இருப்பது, முதல் நாள் சொன்ன வார்த்தையைவிட அதிகமாகப் புண்படுத்தும்.

அவர் குரல் உயர்ந்திருக்கலாம். 'தன்மையா சொன்னா கேட்டிருப்பேன்' என்று நினைக்கத் தோன்றும். பல வருடம் தன்மையாகச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அவர் இங்கே வந்திருக்கக்கூடும். குரலை விட்டுவிட்டு விஷயத்தைக் கேளுங்கள்.

படி 6: மன்னிப்பு

சுருக்கமாக இருக்கட்டும். "உங்களை டெலிவரிக்கு வந்தவர்னு நானே முடிவு பண்ணினது தப்பு. மன்னிச்சுடுங்க. இனி அப்படி நடக்காது." அவ்வளவு போதும். "உங்களுக்குத் தப்பாப் பட்டிருந்தா மன்னிச்சுடுங்க" என்பதில் மன்னிப்பே இல்லை. தவறு கேட்டவர் காதில் இருக்கிறது என்கிறது அது. "என்னை மன்னிச்சுட்டீங்கதானே?" என்று கேட்டு அவரிடமிருந்து பதில் வாங்கப் பார்க்காதீர்கள். மன்னிப்பதும் மன்னிக்காததும் அவர் விருப்பம்.

படி 7: எதிரில் இருப்பவர் மறுத்தால்

புள்ளிவிவரத்தை அடுக்கினால் மனம் மாறும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. படி 2-இல் சொன்னவை உங்கள் தெளிவுக்காக. பிடிவாதமாக மறுப்பவர் முன் அவற்றை வீசினால் பெரும்பாலும் பயன் இருக்காது. அமெரிக்காவில் டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா என்ற அரசியல் அறிவியலாளர்கள் இருவரும் குடியேறிகள் மீதான மனப்பான்மை பற்றி 2020-இல் வெளியிட்ட கள ஆய்வு இதற்கு வழி காட்டுகிறது. தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய், எதிரில் இருப்பவரைக் கண்டிக்காமல், அவர் வாழ்க்கையில் நடந்ததைக் கேட்டு, ஒரு மனிதரின் கதையைச் சொல்லிப் பேசினார்கள். மனமாற்றம் பெரிதாக இல்லை, ஆனால் மாதக்கணக்கில் நீடித்தது. கதைப் பரிமாற்றத்தை எடுத்துவிட்டு வாதத்தை மட்டும் வைத்தபோது அந்த மாற்றம் வரவில்லை.

ஆகவே, "உங்களை யாராவது பார்த்த உடனே தப்பா முடிவு பண்ணியிருக்காங்களா?" என்று கேளுங்கள். பதிலை முழுதாகக் கேளுங்கள். அதன் பிறகு உங்கள் விஷயத்துக்கு வாருங்கள். ஆனால் இந்தப் பொறுமையான வேலையைச் செய்ய வேண்டியவர்கள், பாதிப்புக்கு வெளியே நிற்பவர்கள் என்பது என் உறுதியான எண்ணம். அடிபட்டவரிடம் 'பொறுமையாகக் கதை கேள்' என்று சொல்வது நியாயமில்லை.

வெள்ளை நிறமே ஒரு சலுகை என்ற பேச்சைக் கேட்டு, ஏழ்மையில் வளர்ந்த வெள்ளை இனத்தவர் ஒருவர் "எனக்கு என்ன சலுகை கிடைத்தது?" என்று கேட்டால் அதில் வலி இருக்கிறது. அதை மறுக்காதீர்கள். அவர் பட்ட கஷ்டங்கள் உண்மை. அந்தக் கஷ்டங்களின் பட்டியலில் நிறம் இல்லை என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லலாம். அதே போல, ஓரிடத்தில் இனவெறிக்கு ஆளானவர் இன்னோர் இடத்தில், தன்னைவிடக் கறுத்தவரிடம் அதையே காட்டுவதும் உண்டு. தான் பட்டது பிறரிடம் காட்டுவதற்கான அனுமதி ஆகாது என்பதைத் தன் சொந்தக் கூட்டத்துக்குள் சொல்வதற்குத் தைரியம் அதிகம் வேண்டும்.

படி 8: நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தவர் என்றால்

யாராவது நிறத்தை வைத்து ஜோக் அடித்து மற்றவர்கள் சிரிக்கும்போது, "எனக்குப் புரியல, இதுல என்ன சிரிப்புன்னு சொல்லுங்களேன்" என்று அமைதியாகக் கேளுங்கள். விளக்கிச் சொல்ல முடியாமல் அது அங்கேயே அடங்கும். குடும்பத்தில் வயதில் பெரியவர் என்றால் எல்லார் முன்னாலும் வேண்டாம், அன்று மாலை தனியாக, "நீங்க அப்படிச் சொன்னப்போ எனக்குச் சங்கடமா இருந்தது. பசங்க கேட்டுக்கிட்டு இருந்தாங்க" என்று சொல்லலாம். ஆனால் இழிவுக்கு ஆளானவர் அதே அறையில் இருந்தால் மாலை வரை காத்திருக்காதீர்கள். கூட்டம் கலைந்த பிறகு அவரிடம் வந்து ரகசியமாக "பாவம், எனக்கே கஷ்டமா இருந்தது" என்பது அவருக்கு எந்த உதவியும் இல்லை. அவருக்கு உங்கள் குரல் தேவைப்பட்டது அந்த அறையில்தான்.

படி 9: குழந்தைகளிடம்

கென்னத் கிளார்க், மாமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதி 1940-களில் கறுப்பினக் குழந்தைகளிடம் நிறம் மட்டுமே வேறுபட்ட பொம்மைகளைக் கொடுத்து எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். இன அடிப்படையில் பள்ளிகளைப் பிரிப்பது செல்லாது என்று 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் இந்த ஆய்வும் மேற்கோள் காட்டப்பட்டது. குழந்தைக்கு வயதாகட்டும், பிறகு பேசலாம் என்று தள்ளிப்போடுபவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். பிள்ளை பொதுவிடத்தில் "அவங்க ஏன் கறுப்பா இருக்காங்க?" என்று கேட்டால் வாயைப் பொத்தாதீர்கள். "தோல்ல மெலனின்னு ஒண்ணு இருக்கு. சிலருக்கு நிறைய, சிலருக்குக் கம்மி. உனக்கும் இருக்கு" என்று சாதாரணக் குரலில் சொல்லுங்கள். பதிலைவிட உங்கள் குரல்தான் அதன் மனதில் பதியும்.

படி 10: பேசிய பிறகு

தென்னாப்பிரிக்காவில் இன ஒதுக்கல் ஆட்சி முடிந்த பிறகு, அதன் கொடுமைகளை விசாரிக்க, பேராயர் டெஸ்மண்ட் டுட்டு தலைமையிலான உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 1996-இல் விசாரணைகளைத் தொடங்கியது. பாதிக்கப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து, நடந்ததைச் சொன்னார்கள். நாடே கேட்டது. ஆணையம் ஆறு ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் இழப்பீடு தரப் பரிந்துரைத்தது. 2003-இல் அரசு அறிவித்ததோ ஒரே தடவையாக ஆளுக்கு 30,000 ராண்ட். உண்மையைச் சொன்னோம், அதற்குப் பிறகு வர வேண்டியது வரவில்லை என்ற மனக்குறை பலரிடம் தங்கிவிட்டது.

இரண்டு பேருக்கு நடுவில் நடக்கும் பேச்சிலும் இதே ஆபத்து உண்டு. ஆகவே பேச்சு முடியும் முன் என்ன மாறப்போகிறது என்பதை ஒரு வரியிலாவது சொல்லிக்கொள்ளுங்கள். அலுவலகம் என்றால் அன்றே ஒரு சின்ன மெயில் போடுங்கள்: என்று பேசினோம், எதைப் பற்றி, என்ன ஒப்புக்கொண்டோம். ஒரு மாதம் கழித்து, பேச்சைக் கேட்டவரே போய் "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்பது நல்லது, அதையும் பாதிக்கப்பட்டவர் ஞாபகப்படுத்த வேண்டி வரக் கூடாது. பேசியும் அதே நடத்தை தொடர்ந்தால், அல்லது பேசியதற்காகவே உங்களை ஒதுக்க ஆரம்பித்தால், பேச்சின் வேலை அங்கே முடிந்தது. தேதி, நேரம், சொன்ன வார்த்தை, பார்த்தவர் யார் என்று குறித்து வைத்ததை எடுத்துக்கொண்டு எழுத்துப் புகாருக்குப் போங்கள். 1965-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட, எல்லா வகை இனப்பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான உடன்படிக்கையின் ஆறாவது பிரிவு, அதில் இணைந்த ஒவ்வொரு நாட்டிலும் பாதிக்கப்பட்டவருக்கு நீதிமன்றத்தில் தீர்வு தேடும் உரிமையைத் தருகிறது. நீங்கள் இருக்கும் நாட்டில் அதற்கான சட்டம் எது, புகாரை எத்தனை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். பல இடங்களில் அந்தக் கெடு சில மாதங்கள்தான்.